வெந்தயம், சோம்பு டீ: கசப்பும் கொழகொழப்பும் ஏன்? எத்தனை கப் வரை?

கேள்வி

பால் சுரப்புக்காக வெந்தயம், சோம்பு, சீரகம் தலா ஒரு ஸ்பூன் எடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தால் ஒரே கசப்பு. ஆறினதும் கொழகொழவென்று ஆகிறது, சோம்பு வாசனையே இல்லை. எங்கே தப்பு? மொத்தமாகப் பொடித்து வைத்துக்கொள்ளலாமா? நாளைக்கு எத்தனை கப்? குழந்தைக்கு 7 வாரம். மாலையானால் மார்பு தளர்ந்துவிடுகிறது, குழந்தையோ விடாமல் பால் கேட்கிறது.

பதில் 1

மூணையும் ஒண்ணா கொதிக்க வச்சதுதான் கோளாறு. சோம்பு, சீரகம் ரெண்டோட சரக்கும் ஆவியாகிற எண்ணெய். திறந்த பாத்திரத்துல சுண்டவிட்டா அடுப்படி மணக்கும், கப்பு மணக்காது. வெந்தயம் நேர்மாறு. அதுல இருக்கிற பிசின் மாதிரியான நார் தண்ணியை இழுத்து ஊதும். கொதிக்கக் கொதிக்கக் கொழகொழப்பும் கசப்பும் ஏறிட்டே போகும். பொடிச்சுப் போட்டா அது டீ இல்ல, கூழ்.

ஒரு கப்புக்கு 250 மில்லி தண்ணி, முழு வெந்தயம் அரை டீஸ்பூன். சிறு தீயில 5 நிமிஷம். அடுப்பை அணைச்சிட்டு, அப்போதான் இடிச்ச சோம்பு ஒரு டீஸ்பூன் (சுமார் 2 கிராம்) போட்டு, மூடி 10-15 நிமிஷம் விடுங்க. சோம்பை மாவாக்க வேணாம். ஒவ்வொரு விதையும் ரெண்டு மூணா உடைஞ்சு, விரல்ல தேய்ச்சா மணந்தா போதும். உடைக்காம முழுசா போட்டா தண்ணியில பெருசா எதுவும் இறங்காது. மூடியைத் திறக்கும்போது அதோட அடியில முத்து முத்தா நிக்கிற தண்ணியைக் கப்புக்குள்ளயே தட்டிடுங்க, வாசனை அதுலயும் இருக்கு. சீரகம் உங்க இஷ்டம். போட்டா கால் டீஸ்பூன், சோம்போடவே.

பொடிச்சு வைக்காதீங்க, காத்துப் பட்டா எண்ணெய் போயிடும். நாளைக்கு 2 கப், மிஞ்சினா 3. அன்னன்னைக்குப் போட்டு அன்னன்னைக்கே குடிச்சிடுங்க.

பதில் 2

டீ இருக்கட்டும், அது தேவையா என்று முதலில் பார்ப்போம். 7 வாரத்தில் மார்பு தளர்வது பால் குறைந்ததற்கு அடையாளமில்லை. சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஒத்துப்போனதும் ஆரம்ப நாட்களின் விறைப்பு அடங்கிவிடும். மாலையில் அடுத்தடுத்துக் கேட்பதும் சின்னக் குழந்தைகளின் வழக்கம்தான். 24 மணி நேரத்தில் 6 டயபராவது நன்றாக நனைகிறதா, எடை நாளுக்குச் சராசரியாக 20-30 கிராம் ஏறுகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். பம்பில் வரும் அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குழந்தை எடுக்கிற மாதிரி பம்பு எடுக்காது.

எடை உண்மையிலேயே ஏறவில்லை என்றாலும் டீ இரண்டாம்பட்சம். மார்பு காலியாகக் காலியாகத்தான் சுரப்பு வேகமெடுக்கும், நிறைந்தே நின்றால் குறையும். நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள். இரவுப் பாலை விட்டுவிடாதீர்கள், பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில்தான் கூடுதல். பால் குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து நசுங்கியிருந்தால் குழந்தை சரியாகக் கவ்வவில்லை. கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வைக்க வேண்டும். இதை எந்த விதையும் சரிசெய்யாது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 41 சோதனைகளை அலசியது. வெந்தயம், சோம்பு போன்றவை பாலைக் கூட்டக்கூடும், ஆனால் சான்று மிகப் பலவீனம் என்றுதான் அதில் இருக்கிறது.

பதில் 3

யார் தவிர்க்கணும் என்பதை யாரும் சொல்லவில்லை. வெந்தயம் சர்க்கரையை இறக்கும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மூன்றும் ஒரே குடும்பம். மறுபடி கர்ப்பம் என்றால் வெந்தயத்தை நிறுத்திவிடுங்கள்.

“மூலிகைதானே” என்று குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. அதிமதுரம், சோம்பு வகைகள் கலந்த டீயைத் தினம் 2 லிட்டருக்கு மேல் குடித்த தாய்மார்களின் குழந்தைகள் இருவர் துவண்டுபோய், வாந்தி எடுத்து, பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் ஆனதாக 1994-இல் ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது. டீயை நிறுத்தியதும் ஓரிரு நாளில் தேறினார்கள்.

அன்னாசிப்பூவை இந்த டீயில் சேர்க்காதீர்கள். அதே மாதிரி தோற்றமுள்ள ஜப்பானிய வகை நரம்பைத் தாக்கும் நஞ்சு. காய்ந்தபின் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது.

கேட்டவர்

நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். குழந்தையின் வாயுவுக்கு இதிலேயே ஒரு ஸ்பூன் ஊட்டலாமா? குழந்தையின் சிறுநீரில் சர்க்கரைப்பாகு வாசம் வருகிறதே, அது எதனால்?

பதில் 3

ஊட்டக் கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். டீ வயிற்றை நிரப்பினால் அந்த அளவுக்குப் பால் குடிப்பது குறையும், அதோடு உங்கள் சுரப்பும் இறங்கும். நீங்கள் வெந்தயம் ஆரம்பித்த பிறகு குழந்தைக்கு வாயுவோ பேதியோ கூடியிருந்தால் வெந்தயத்தை விட்டுவிட்டு, சோம்பு மட்டும் போட்டுப் பாருங்கள்.

வாசம் வெந்தயத்தில் இருக்கிற சோட்டலான் என்ற பொருளால் வரும், உங்கள் வியர்வையிலும் அடிக்கும். ஆனால் மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ் என்ற பிறவி நோயிலும் இதே வாசம்தான். அதனால் டாக்டரிடம் போகும்போது வெந்தய டீ குடிப்பதைச் சொல்லிவிடுங்கள். குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல் இருந்தால் வெந்தயம்தான் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.