பாலக்கோட்டிலும் ஓசூரிலும் இருந்துகொண்டு ஒரே டெர்மினலில் நிரல் எழுதப் பொதுச் சர்வரை எப்படி அமைப்பது?

பாலக்கோட்டு நிரலர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டில் இருக்கிறேன். என்னுடன் சேர்ந்து நிரல் எழுதும் நண்பர் ஓசூரில் இருக்கிறார். தக்காளி மண்டிகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறோம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் உடனிருந்து பார்த்துத் திருத்துவதே எங்கள் முறை. இருவர் வீட்டு இணைய இணைப்புக்கும் தனிப் பொது முகவரி இல்லாததால், ஒருவர் கணினிக்குள் மற்றவர் நேரடியாக நுழைய வழியில்லை. ஆகவே 2 ஜிபி நினைவகமுள்ள உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரே ஒரு கணக்கை உருவாக்கி, கடவுச்சொல்லை இருவரும் வைத்துக்கொண்டு, டீமக்ஸ் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஒரே டெர்மினல் திரையை இருவர் பகிர உதவும் மென்பொருள்) அமர்வு ஒன்றில் சேர்ந்து வேலை செய்கிறோம்.

இதில் சில தொல்லைகள் இருக்கின்றன. சென்ற வாரம் கூடை எடைக்கான கழிவைக் கணக்கிடும் பகுதியை யாரோ ஒருவர் மாற்றிவிட்டோம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைப் பார்த்தால் எல்லாக் கமிட்டுகளும் (மாற்றப் பதிவுகள்) என் பெயரிலேயே இருக்கின்றன. சர்வர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருப்பதால், அடித்த எழுத்து திரையில் தெரிவதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகளை அடித்து முடித்துவிடுகிறேன். மாலையில் மின்சாரம் நின்று கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் இணைப்பு அப்படியே உறைந்துவிடுகிறது. இவை போக, நான் தட்டச்சு செய்யும்போது நண்பரின் சிறிய மடிக்கணினியில் திரையின் கீழ்ப்பகுதி தெரிவதில்லை. அவர் தட்டச்சு செய்யும்போது என் பெரிய திரையின் வலப்பக்கம் முழுவதும் புள்ளிகளாக நிரம்பிவிடுகிறது. முறையாக அமைக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டணத்தார் பதில்:

கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரே கணக்கை இருவர் பயன்படுத்தும்வரை, நுழைந்தவர் உங்களில் யார் என்பதைத் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. உங்கள் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். அவற்றில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) சாவி வழியாக மட்டும் நுழையும்படி அமைத்து, சாவி வேலை செய்வதை உறுதிசெய்த பிறகு கடவுச்சொல் நுழைவை முற்றாக நிறுத்திவிடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் நீங்களே வெளியே நிற்க நேரிடும்.

அடுத்ததாக, இணைந்து எழுதுவதற்கென்று மூன்றாவது கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். டீமக்ஸ் அமர்வு அந்தக் கணக்கின் பெயரில் ஓடட்டும். இதன் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: ஒரு டீமக்ஸ் அமர்வுக்குள் யார் தட்டச்சு செய்தாலும், அந்தக் கட்டளை அமர்வின் உரிமையாளர் பெயரில்தான் ஓடும். அமர்வு உங்கள் கணக்கில் இருந்தால், நண்பர் உங்கள் கோப்புகள் அனைத்தையும் தொட முடியும். மூன்றாவது கணக்கில் சூடோ (நிர்வாகியாகக் கட்டளை இடும்) உரிமையும் உங்கள் இருவரின் சொந்தச் சாவிகளும் இருக்கக் கூடாது.

இருவரும் உறுப்பினராக உள்ள ஒரு குழுவை உருவாக்கி, அந்தக் குழுவுக்குரிய அடைவு ஒன்றில் டீமக்ஸ் சாக்கெட்டை (அமர்வில் இணைவதற்கான சிறப்புக் கோப்பு) வையுங்கள். டீமக்ஸ் தன் சாக்கெட்டை உரிமையாளருக்கு மட்டுமே திறக்கும் என்பதால், குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமையை நீங்கள்தான் தர வேண்டும்.

கிட்டில் பதிவேற்றுவதற்காக எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை (உங்கள் கணினியில் சாவியை வைத்திருந்து உங்களுக்காகப் பயன்படுத்தும் நிரல்) சர்வருக்கு முன்னனுப்பும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். உங்கள் சாவியை யாரும் நகலெடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் இணைப்பில் இருக்கும் நேரத்தில், அதே கணக்கில் இருப்பவரும் ரூட் (முழு நிர்வாக) உரிமை உள்ளவரும் உங்கள் பெயரில் வேறு இடங்களுக்குள் நுழைய முடியும். கிட் திட்டங்களை வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் ஒரே ஒரு ரெப்போவுக்கு (திட்டக் களஞ்சியம்) மட்டும் செல்லுபடியாகும் டிப்ளாய் சாவி உண்டு. அதை எழுதும் உரிமையுடன் மூன்றாவது கணக்கில் வைத்தால் போதுமானது. கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆத்தர்டு-பை என்ற வரியில் மற்றவரின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதினால், கிட்ஹப் இருவரையும் ஆசிரியராகக் காட்டும். எல்லாக் கமிட்டுகளும் ஒருவர் பெயரிலேயே இருக்கும் நிலை இனி வராது.

திரை அளவுக்கு டீமக்ஸில் விண்டோ-சைஸ் என்ற அமைப்பு உள்ளது. கடைசியாக இயங்கியவரின் அளவைப் பின்பற்றுவது அதன் இயல்புநிலை. அதைச் சிறிய திரையின் அளவுக்கு மாற்றுங்கள். உங்கள் பக்கம் புள்ளிகள் நிரந்தரமாக இருக்கும், ஆனால் நண்பருக்கு எதுவும் மறையாது. பெரிய திரை வைத்திருப்பவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தொப்பூர் வழி பதில்:

தாமதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்ப 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும்; எந்த அமைப்பை மாற்றினாலும் தூரம் குறையாது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். பெங்களூருவிலோ மும்பையிலோ தரவு மையம் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. சர்வரை அங்கே மாற்றுங்கள்.

மின்வெட்டின்போது இணைப்பு உறைவதற்கு, எஸ்எஸ்எச் போலத் தொலைவிலிருந்து நுழைய உதவும் மோஷ் என்ற மென்பொருள் நல்ல தீர்வு. அது முதலில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, பிறகு யுடிபி என்ற இணைய நெறிமுறை வழியாகப் பேசும். ஐபி முகவரி மாறினாலும் அமர்வு தொடரும் என்பதால், பிராட்பேண்டிலிருந்து கைப்பேசிக்கு மாறும்போது மீண்டும் நுழைய வேண்டியதில்லை. ஃபயர்வாலில் (இணைப்புகளை வடிகட்டும் அரண்) 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்களைத் திறக்க வேண்டும். மோஷ் மேலே ஓடிப்போன வரிகளைச் சேமிக்காது. நீங்கள் டீமக்ஸ் பயன்படுத்துவதால் அது குறையாகத் தெரியாது. ஆனால் மோஷில் போர்ட் முன்னனுப்பும் வசதி (சர்வரின் போர்ட் ஒன்றை உங்கள் கணினியில் இருப்பதுபோல் காட்டுவது) இல்லை. உங்கள் மென்பொருளின் இணையப் பக்கத்தை உலாவியில் பார்க்க, தனியாக ஓர் எஸ்எஸ்எச் இணைப்பில் அந்தப் போர்ட்டை முன்னனுப்புங்கள். உங்கள் மென்பொருளின் சோதனைச் சர்வரை லோக்கல்ஹோஸ்டில் (அதே இயந்திரத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய முகவரி) மட்டுமே இயக்குங்கள், உலகுக்கே திறந்துவிடாதீர்கள்.

பாலக்கோட்டு நிரலர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெங்களூருவில் புதிய சர்வர் எடுத்து மூன்று கணக்குகளையும் உருவாக்கிவிட்டேன். எழுத்துகள் அடித்த உடனே தெரிகின்றன. இவ்வளவு மாதங்கள் வீணாகப் பொறுத்திருந்தோமே என்று வருத்தமாக இருந்தது. ஆனால் சாக்கெட்டுக்குக் குழு உரிமை கொடுத்த பிறகும், நண்பர் இணைய முயன்றால் அணுக அனுமதி இல்லை என்று டீமக்ஸ் வெளியேற்றிவிடுகிறது. கோப்பு உரிமைகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

காவேரிப்பட்டணத்தார்:

பிழை என்னுடையது, மன்னிக்கவும். நான் பழைய பதிப்பை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். டீமக்ஸ் 3.3 முதல் கோப்பு உரிமை மட்டும் போதாது, உபுண்டு 24.04-இல் இருப்பது 3.4. அமர்வின் உரிமையாளராக இருந்துகொண்டு, சர்வர்-ஆக்சஸ் என்ற கட்டளையால் உங்கள் இருவரின் கணக்குப் பெயர்களையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். டீமக்ஸ் சர்வர் (அமர்வுகளை நடத்தும் டீமக்ஸின் பின்னணி நிரல்) நின்று மீண்டும் தொடங்கினால் சாக்கெட் உரிமையையும் பட்டியலையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும் என்பதால், இரண்டையும் அமர்வைத் தொடங்கும் சிறு ஸ்கிரிப்டிலேயே (கட்டளைக் கோப்பு) எழுதி வையுங்கள். அதே கட்டளையில் ஒருவரைப் பார்வையாளராக மட்டும் சேர்க்கவும் முடியும். ஆயினும் நம்பிக்கைக்குரியவரல்லாத யாரையும் அப்படிக்கூடச் சேர்க்காதீர்கள்.

பாலக்கோட்டு நிரலர்:

பெயர்களைச் சேர்த்தவுடன் நண்பர் இணைந்துவிட்டார். ஸ்கிரிப்டையும் எழுதி வைத்துவிட்டேன். இன்று மாலை கழிவுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம்.