டிஸ்பென்சிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

ஊட்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். டி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டயப் படிப்பு மாணவர்களுக்கு இரண்டாண்டுப் பாடம் முடிந்ததும் 500 மணி நேர நேரடிப் பயிற்சி உண்டு. அது 3 மாதத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது மருந்துச்சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையிலேயே, அதாவது டிஸ்பென்சிங்கிலேயே, கழிய வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பார்மகாலஜிக்கு மருந்தியல் இருக்கிறது, மற்றவற்றையும் ஒருவழியாக முடித்துவிட்டேன். டிஸ்பென்சிங்கில்தான் நிற்கிறேன்.

'மருந்து கொடுத்தல்' போதாது. வார்டில் நர்ஸ் வாயில் ஊற்றுவதும் அதுதானே? சீட்டைப் படிப்பது, அளவு ஒத்துவராவிட்டால் டாக்டரிடமே கேட்பது, எண்ணி எடுப்பது, உறையில் எழுதுவது, நோயாளிக்கு விளக்குவது, பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் சேர்ந்தது இந்த வேலை. ஒரு சொல் தாருங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

தம்பி, வள்ளுவர் எப்போதோ தந்துவிட்டார். 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்' என்று மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்பது பரிமேலழகர் உரை. உங்கள் மருந்தாளுநர் இவர்தான். அவர் செய்வது 'உழைச்செலவு'. உழை என்றால் பக்கம். ஏழிசையில் நான்காவதும் உழைதான், இங்கும் நான்காவது கூறு. இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கூடலூரிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். செலவு என்றால் பிள்ளைகளுக்குக் காசுதான் நினைவுக்கு வரும். தவிர, உழைச்செல்வானை உடனிருந்து மருந்து கொடுப்பவன் என்று சொல்லும் உரையும் உண்டு. அப்படியானால் அவர் நர்ஸ் அல்லவா?

நான் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது கத்தரிக்கோல் பிடிப்பதைத்தான். மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி உள்ள முனையைக் கடைசிவரை வெட்டாமல் வைக்க வேண்டும். இந்த ஊர் மழைக்கு மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் கொடுக்கவே கூடாது, ஈரம் ஏறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு உறையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. 'எப்படிச் சாப்பிடுவீங்க, நீங்க சொல்லுங்க' என்று திருப்பிக் கேட்டு, சரியாகச் சொன்ன பிறகுதான் கையில் தருவோம். மருந்தோடு பொறுப்பும் கைமாறுகிறது. அதனால் 'ஒப்படைத்தல்' என்கிறேன்.

குன்னூரிலிருந்து:

அக்கா, ஒப்படைத்தல் என்றால் காணாமல்போன பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்ப்பதுபோல இருக்கிறது. 'மருந்து வழங்கல்' எல்லோருக்கும் புரியும்.

வேர் தேடுவோருக்கு ஒன்று: டிஸ்பென்ஸ் என்பதன் லத்தீன் வேர் நிறுத்துக் கொடுப்பதைக் குறிக்கும். அந்த வழியில் 'மருந்து நிறுவை' கிடைக்கும். ஆனால் இன்று ஜன்னலில் யார் நிறுக்கிறார்கள்? தராசும் கல்வமும், மருந்தைக் கலந்து தயாரிக்கும் காம்பவுண்டிங் பாடத்தோடு சரி. காலமைன் பொடியில் சொட்டுச் சொட்டாக நீர்மம் விட்டுக் கட்டியில்லாமல் குழைப்பதற்குத் தனிச்சொல் வேண்டும். அதற்கு 'மருந்து கூட்டல்' என்று சித்த மருத்துவ வழக்கை ஒட்டிச் சொல்லலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து:

வழங்கல் ரேஷனுக்குப் போய்விட்ட சொல். குடிமைப் பொருள் வழங்கல் என்று பலகையே இருக்கிறது. அரிசியும் மருந்தும் ஒன்றா? கையேடு முழுக்க மாத்திரை, மாத்திரை என்று வருவதும் உறுத்துகிறது. அது வடசொல்.

குன்னூரிலிருந்து:

ஐயா, கண்ணிமை நொடியை மாத்திரை என்றது தொல்காப்பியம். இலக்கணத்தில் ஏற்ற சொல்லை மருந்து உறையில் ஏன் விலக்க வேண்டும்? குளிகை என்று மாற்றினால் அதுவும் வடமொழி வழிதான். 1860களில் தொட்டபெட்டாவில் சிங்கோனா நட்டார்கள். நடுவட்டத்தில் குயினைன் ஆலை வந்தது. அந்தக் கசப்பு மருந்தை மக்கள் தாங்களாகவே கொயினா ஆக்கிக்கொண்டார்கள். எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை. டிஸ்பென்சிங் என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

கோத்தகிரியிலிருந்து:

எனக்குச் சம்மதமில்லை. வேர் இல்லாத சொல்லைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அதிலிருந்து இன்னொரு சொல்லை எப்படி ஆக்கும்?

ஊட்டியிலிருந்து:

ஐயா சொல்வது நியாயம். வழங்கலிலிருந்து வழங்குநர், வழங்கு பதிவேடு, வழங்கல் பிழை எல்லாம் வருகின்றன. சீட்டில்லாமல் தரக்கூடாத, கூடுதல் கண்காணிப்புள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற பக்கத்தில் இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன். உறுத்தவில்லை. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களிலும் பெரும்பாலோர் இதையே கேட்கிறார்கள். அப்புறம் வெள்ளி வந்துவிட்டது. 'மருந்து வழங்கல்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கூடலூரிலிருந்து:

கொடுங்கள் தம்பி. பதிவேட்டில் நாங்களும் வழங்கல் என்றே எழுதுகிறோம். ஜன்னலில் நிற்கும் பிள்ளையிடம் மட்டும் ஒப்படைத்தல் என்றுதான் சொல்வேன். வழங்கிவிட்டேன் என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அடுத்த சீட்டை வாங்கிவிடுவான். ஒப்படைத்தாயா என்று கேட்டால், பாட்டி திருப்பிச் சொன்னாளா என்று ஒரு நிமிடம் யோசிப்பான்.

கோத்தகிரியிலிருந்து:

பெரும்பான்மை முடிவு அப்படியே இருக்கட்டும், என் மறுப்பையும் குறித்து வையுங்கள். ஒரு திருத்தம்: கையேட்டின் மேலட்டையில் 'மருந்தாளுனர்' என்று இருக்கிறது. ஓட்டுநர், பெறுநர் போல இங்கும் 'நர்'தான். அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடு தம்பி.