எட்டு மாதத்தில் 22 மணி நேரம்தான் பறந்திருக்கிறோம், எண்ணெய் ஃபில்டரை இப்போதே மாற்ற வேண்டுமா?

பாயான்லெப்பாஸ்_172:

வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பினாங்கில் ஒரு பழைய செஸ்னா 172எம் விமானம் வைத்திருக்கிறோம். லைகமிங் ஓ-320 இன்ஜின். எண்ணெய் வடிகட்ட வெறும் ஸ்க்ரீன் (கம்பி வலை) இல்லை, திருகி மாட்டும் ஃபில்டர், வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. போன தடவை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. ஆனால் இரண்டு பங்காளிகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட்டார்கள், சாயங்காலம் ஆனால் மழை, மொத்தத்தில் 22 மணி நேரம்தான் பறந்திருக்கிறோம். 50 மணி நேரத்துக்கு ஒருமுறைதானே, இன்னும் 28 பாக்கி இருக்கிறதே என்பது என் பங்காளியின் கணக்கு. இன்ஜின் துருப்பிடிக்கக் கூடாது என்று அவரே ஞாயிற்றுக்கிழமை போய்ப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு வருகிறார். கையெழுத்துப் போடும் இன்ஜினியரோ எண்ணெய், ஃபில்டர் இரண்டையும் மாற்று, உள்ளே உலோகத் துணுக்கு இருக்கிறதா என்று பழைய ஃபில்டரை வெட்டியும் பார்க்க வேண்டும் என்கிறார்.

இன்னொன்று. கார் சாமான் கடையில் அதே மரை, அதே அளவு ரப்பர் வளையத்தோடு ஒரு ஃபில்டர் இருபது ரிங்கிட்டுக்கும் குறைவாக இருக்கிறதாம். விமான ஃபில்டர் விலை உங்களுக்கே தெரியும். உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?

சுபாங்_ஸ்பானர்:

தம்பி, உங்கள் பங்காளி பாதி வரியைத்தான் படித்திருக்கிறார். லைகமிங் சொல்வது 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஸ்க்ரீன் மட்டும் உள்ள இன்ஜினுக்கு 25 மணி நேரம், அதற்கும் அதே நான்கு மாதம். ஸ்க்ரீன் என்பது மாமாக் கடையில் தே வடிகட்டும் துணிப்பை மாதிரிகூட இல்லை, அதைவிட மோசம், பெரிய துணுக்கு மட்டும்தான் நிற்கும். அதனால்தான் அதற்குப் பாதி நேரம். உங்கள் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் ஒரு மாற்றத்தைத் தவறவிட்டு, இரண்டாவதற்கும் நாள் வந்துவிட்டது.

22 மணி நேரத்தில் ஃபில்டர் காகிதம் அடைத்துக்கொள்ளாது, அது சரி. கெடுவது எண்ணெய். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும், அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எண்ணெயில் சேரும். ஒழுங்காகப் பறந்தால் அந்த ஈரம் ஆவியாகிப் பிரீதர் குழாய் வழியாக வெளியே போய்விடும். பத்து நிமிடம் தரையில் ஓடவிட்டால் எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை, ஆகவே உங்கள் பங்காளி வாராவாரம் இன்ஜினுக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நின்ற விமானத்தில் எண்ணெய் கீழே வடிந்துவிடும், கேம் காய்ந்துபோய் நிற்கும். நம் ஊர் ஈரத்துக்கு, அதுவும் கடலோரப் பினாங்கில், துருவுக்கு வேறு அழைப்பிதழ் வேண்டாம். முப்பது நாளுக்குள் ஒரு தடவையாவது, ஒரு மணி நேரம் தொடர்ந்து, எண்ணெய்ச் சூடு 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும்படி பறந்துவிட்டு வாருங்கள். முடியாதென்றால் ஸ்டார்ட்டே பண்ணாதீர்கள்.

ரோட்டாக்ஸ்காரன்:

நான் ஓட்டும் விமானத்தில் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின், அதன் ஃபில்டர் பார்வைக்கு அச்சாகக் கார் ஃபில்டர்தான். கையால் திருகி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான், கழன்றுவிடாமல் கட்டும் லாக் வயர்கூட இல்லை. அதனால் நானும் ஒரு காலத்தில் கார் ஃபில்டர் போதாதா என்று உங்களை மாதிரியே யோசித்தேன். தகரத்துக்குள் பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கிறது, காகிதம் அடைத்துக்கொண்டால் அது திறந்து எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பிவிடும், இன்ஜின் காய்ந்துபோகாமல் இருப்பதற்காக. எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும். கடையில் வாங்கியது சீக்கிரமே திறந்துவிட்டால் நீங்கள் அழுக்கு எண்ணெயில் பறந்துகொண்டிருப்பீர்கள், பேனலில் ஒரு விளக்கும் எரியாது. மரை பொருந்துகிறதே என்று வாங்குவது, செருப்பு ஒரே அளவு என்று அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கோவிலைவிட்டு வருகிற மாதிரி.

சுபாங்_ஸ்பானர்:

லைகமிங்கில் வித்தியாசம் அதைவிட அதிகம். விமான ஃபில்டரின் தகரம் கனமானது, பின்னால் ஸ்பானர் போட அறுகோணத் தலை, லாக் வயர் கோக்கக் காது, எல்லாம் இருக்கும். கார் ஃபில்டரில் வயரை எங்கே கட்டுவீர்கள்? சாம்பியன் வாங்கினாலும் டெம்பஸ்ட் வாங்கினாலும் (டெம்பஸ்டுக்குள் ஒரு காந்தமும் வைத்திருக்கிறார்கள்) பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். சிலதில் மரை உள்ளே, சிலதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நீளமும் வேறு. 172இல் பின்னால் இடம் குறைவு.

பழையசக்கரம்:

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள், நான் பட்டது. ஒரு பட்டறையில் ஃபில்டர் மாற்றினோம். பழைய ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, அதன் மேலேயே புதுசை மாட்டிவிட்டோம். தரையில் ஓடவிட்டபோது ஒரு சொட்டு இல்லை. நல்லவேளை, ஓடுபாதைக்குத் தரையில் உருட்டிப் போகும்போதே பிதுங்கிவிட்டது. வயிற்றுப் பக்கம் முழுக்க எண்ணெய், பிரஷர் முள் ஆட ஆரம்பித்தது, மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. அதிலிருந்து கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதில்தான் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலை கிடையாது. புது வளையத்தில் டிசி-4 சிலிகான் கிரீஸ் பூசுங்கள், ஒட்டாது.

அப்புறம் ஃபில்டர் படுத்த வாக்கில் இருப்பதால் கழற்றினதும் எண்ணெய் எல்லாம் கொட்டும். முதலில் ஆணியால் ஒரு துளை போட்டு வடியவிட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

பாயான்லெப்பாஸ்_172:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாற்றியாயிற்று. வெட்டுவதற்கு நான் ஹாக்ஸா எடுத்தேன், இன்ஜினியர் கையைப் பிடித்துவிட்டார். அறுத்தால் அந்த இரும்புத் தூளே உள்ளே விழும், அப்புறம் எது இன்ஜினுடையது எது ரம்பத்துடையது என்று எப்படிச் சொல்வாய் என்றார். டின் திறக்கிற மாதிரி உருளும் கட்டர் வைத்திருந்தார். காகிதத்தை வெட்டி எடுத்து, வைஸில் வைத்துப் பிழிந்து, விரித்துப் பார்த்தோம். கறுப்புத் துணுக்குகள் நிறைய, நகத்தால் நசுக்கினால் பொடியாகிறது, கார்பன்தான். காந்தத்தில் முடி மாதிரி மூன்று இழை ஒட்டியது. இது பயப்பட வேண்டியதா?

சுபாங்_ஸ்பானர்:

மூன்று இழைக்குப் பயம் வேண்டாம், ஆனால் எழுதி வையுங்கள், காகிதத்தைப் பையில் போட்டுத் தேதியோடு வைத்திருங்கள். அடுத்த தடவை முப்பது இருந்தால்தான் இந்த மூன்றுக்கு அர்த்தம் புரியும். பென்சில் முனை உடைந்த அளவுக்குத் துண்டு வந்தாலோ, அரை டீஸ்பூன் உலோகம் வந்தாலோ பறக்கவே கூடாது. ஆனால் இத்தனை நாள் நின்ற விமானம், என் கையில் இருந்தால் அடுத்த ஃபில்டரை 25 மணி நேரத்திலேயே வெட்டுவேன். இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பில் இருக்கும் சக்‌ஷன் ஸ்க்ரீனையும் கழற்றிப் பார்த்தார்களா? பெரிய துண்டு அங்கேதான் தங்கும், பலர் விட்டுவிடுவார்கள்.

பாயான்லெப்பாஸ்_172:

பார்த்தார், சுத்தம். இறுக்க வேண்டிய அளவு 16 முதல் 18 அடி-பவுண்டு என்று ஃபில்டர் மேலேயே அச்சடித்திருந்தது, டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்கினோம், லாக் வயர் மட்டும் நான் முறுக்கினேன், என் முதல் முறுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பங்காளி நிறுத்திவிட்டார், கொஞ்சம் கோபம்தான்.

சுபாங்_ஸ்பானர்:

முதல் முறுக்கா? படம் போடுங்கள் தம்பி. வயர் இழுக்கிற திசையில் ஃபில்டர் இறுக வேண்டும், எதிர்ப்பக்கம் கட்டியிருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டு அப்புறம் பறங்கள்.