அயர்லாந்து கிராமத்துத் துப்பறியும் நாவல்: புதுசா வந்தவங்க எப்படி வாசிக்கலாம்?

கேள்வி

அயர்லாந்தின் கார்க் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) குடிவந்தாச்சு. ரத்தம் அதிகம் தெறிக்காத, இந்த ஊர்க் கிராமத்தில் நடக்கிற கோஸி மிஸ்டரி நாவல்கள் வாசிக்க ஆசை. பெயர்களும் பேச்சும் பிடிபடவில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில் 1

புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காதீங்க. பொது நூலகத்தில் சேர எல்லாருக்கும் இலவசம். லைப்ரரீஸ் அயர்லாந்து தளத்தில் பதிந்துவிட்டு, போட்டோ உள்ள அடையாள அட்டை, முகவரிச் சான்று இரண்டோடும் பக்கத்துக் கிளைக்குப் போங்க. நாடு முழுக்க ஒரே கார்டு. கிளையில் இல்லாத புத்தகத்தை ஆன்லைனில் ரிசர்வ் செய்தால், வேறு கவுண்டியில் இருந்தாலும் உங்கள் கிளைக்கே வந்து சேரும், கட்டணம் இல்லை. தாமத அபராதத்தை 2019-இல் எடுத்துவிட்டார்கள்.

கார்டு எண்ணும் பின் நம்பரும் கையில் வந்ததும் நூலகப் புத்தகங்களை போனிலேயே இரவல் எடுக்க உதவும் பாரோபாக்ஸ் ஆப்பை இறக்கி, ஒலிப்புத்தகத்தில் தொடங்குங்க. அயர்லாந்துக்காரர் வாசித்ததாகத் தேடி எடுங்க. பெயர்ச் சிக்கல் பாதி அங்கேயே தீரும். எஸ்-ஐ-ஓ-பி-எச்-ஏ-என் என்று அச்சில் இருப்பவள் ஷிவான். என்-ஐ-ஏ-எம்-எச் நீவ். ஏ-ஓ-ஐ-எஃப்-ஈ ஈஃபா. பி-எச், எம்-எச் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 'வ'. உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் நெடில்.

ஒரு தாளில் ஆட்களின் உறவையும் எழுதி வையுங்க. மேற்கு கார்க்கில் ஒரே குடும்பப்பெயர் பத்து வீட்டுக்கு இருக்கும். அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ ஒட்டித்தான் ஆளைப் பிரித்துச் சொல்வார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பட்டப்பெயரில் வந்த ஆளும் பத்தாம் அத்தியாயத்தில் முழுப்பெயரில் வருகிறவரும் ஒருவரே என்பது தெரியாவிட்டால் துப்பு கைநழுவிப் போகும்.

பதில் 2

முதல் பதிலில் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுவது நேரக் கணக்கில்தான். இந்த வகைக் கதையே 'அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்' என்பதில் நிற்கிறது, அதனால் இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்க.

'ஹீ இஸ் ஆஃப்டர் லீவிங்' என்று ஒரு சாட்சி சொன்னால், ஆள் இப்போதுதான் கிளம்பினார் என்று பொருள். கிளம்பப் போகிறார் என்று எடுத்துக்கொண்டால் கொலையாளியைக் கொலை நடந்த வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவீர்கள். 'ஹாஃப் சிக்ஸ்' என்றால் ஆறரை, ஐந்தரை இல்லை. 'ஃப்ரைடே வீக்' என்பது வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. கிராமத்துப் பெரியவர்கள் வாயில் 'டின்னர்' பல நேரம் மதியச் சாப்பாடு. 'டின்னருக்கு அப்புறம் பார்த்தேன்' என்று ஒரு பாட்டி சொன்னதை இரவு ஒன்பது மணி என்று குறித்தால் மொத்த நாளும் தப்பாகிவிடும்.

'ஹாட் ப்ரெஸ்' இஸ்திரிப் பெட்டி இல்லை. சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, துணி காயப்போடுவதும் அங்கேதான். ஒளித்து வைத்த கடிதத்துக்கு நல்ல இடம்.

பதில் 3

யார் மேல் சந்தேகப்படலாம் என்பதற்குச் சட்டமும் கொஞ்சம் தெரியணும்.

போலீஸுக்கு இங்கே பெயர் கார்டா, பேச்சில் 'கார்ட்ஸ்'. சீருடையில் வருபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. 2012, 2013 இரண்டு வருஷத்தில் மட்டும் 139 கார்டா நிலையங்களை மூடினார்கள், பலவும் கிராமத்து நிலையங்கள். பக்கத்து டவுனிலிருந்து ஆள் வர நேரமாகிறது என்ற காட்சி அதனால் நம்பும்படியே இருக்கும். கடைக்காரியோ ஓய்வுபெற்ற ஆசிரியையோ துப்பறியக் கிடைக்கிற இடைவெளி அதுதான்.

காரணம் தேடினால் முதலில் நிலத்தைப் பாருங்க. வீடு கட்ட பிளானிங் பெர்மிஷனுக்கு விண்ணப்பித்தால் இடத்தில் நோட்டீஸ் வைக்கணும். 5 வாரத்துக்குள் 20 யூரோ கட்டி யாரும் ஆட்சேபிக்கலாம், எழுதியவர் பெயர் கோப்பில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். பத்து வருஷப் பகைக்கு அந்தக் கோப்பே போதும்.

உயில் வந்தால் 1965-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டத்தை நினைவில் வையுங்க. உயிலில் என்ன எழுதியிருந்தாலும் கணவனோ மனைவியோ பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கும், இல்லையென்றால் பாதியும் கேட்டு வாங்கலாம். பிள்ளைகளுக்கு அப்படி நிச்சயப் பங்கு கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போகணும். சொத்தை அண்ணன் மகனுக்கு எழுதிவிட்டார் என்றால், விதவையை விட விலக்கப்பட்ட மகனைக் கவனிப்பதே சரி.

முதல் நாவலாக கிரஹாம் நார்ட்டன் 2016-இல் எழுதிய ஹோல்டிங் எடுக்கலாம். மேற்கு கார்க்கில் கற்பனை ஊர், ஒரு சார்ஜென்ட், தோண்டும்போது கிடைக்கும் எலும்புகள். விறுவிறுப்பை விட மனிதர்களுக்கு அதிகம் இடம் கொடுக்கும் கதை, அதனால் அவசரப்படாமல் வாசிங்க.

பாக் என்னும் கரிச் சதுப்பு நிலத்தில் உடல் கிடைப்பதாக வரும் கதைகளை அடுத்து எடுங்க. அந்த மண்ணில் காற்று புகாது, அமிலம் அதிகம், தோலும் முடியும்கூட அழியாமல் நிற்கும். ஆகவே கிடைத்த உடல் போன வருஷத்ததா, ஈராயிரம் வருஷத்ததா என்பதே அங்கே முதல் கேள்வி. 2003-இல் கிடைத்த ஓல்ட் குரோஹன் மனிதனின் உடல் டப்ளின் கில்டேர் தெரு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைவிரல் நகம் வரை தெளிவாகத் தெரியும். அனுமதி இலவசம்.