எல்லைக்கல்லுக்கு இரத்தம் உண்டா இல்லையா?

ஏடுதேடி: "ரோமானியர் எல்லைத் தெய்வமான டெர்மினஸுக்கு ஒருபோதும் உயிர்ப்பலி கொடுத்ததில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொன்னார். அதற்குப் பாராட்டு வேறு! ரோமானியக் கவிஞர் ஓவிட், ஆண்டின் திருவிழாக்களைப் பாடிய 'ஃபாஸ்தி'யின் இரண்டாம் நூலைத் திறந்து பாருங்கள். பிப்ரவரி 23, டெர்மினஸுக்கான டெர்மினாலியா விழா. எல்லைக்கல்லின் இருபுறத்து நிலக்காரர்களும் ஆளுக்கொரு மாலை சூட்டுகிறார்கள். குடியானவன் மனைவி அடுப்பு நெருப்பை உடைந்த ஓட்டில் ஏந்தி வருகிறாள். சிறுவன் மூன்று முறை தானியத்தைத் தீயில் இடுகிறான், சிறுமி தேனடைத் துண்டுகளை நீட்டுகிறாள். பிறகு ஆட்டுக்குட்டியை வெட்டி, அதன் இரத்தத்தைக் கல்மீது தெளிக்கிறார்கள். இரத்தம், ஐயா, இரத்தம்!

வரப்போரம்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்ல வாய் வரவில்லையோ? ஓவிட் கவிஞர். அதே காலத்தில் ரோமிலேயே வாழ்ந்து வரலாறு எழுதிய டயோனிசியஸ், அந்தக் கற்களில் இரத்தக் கறை படுவது முறையல்ல என்கிறார். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கும் 'ரோமானியக் கேள்விகள்' நூலில் இந்தத் தெய்வத்துக்கு ஏன் உயிர்ப்பலி இல்லை என்றுதான் கேட்கிறார்.

ஏடுதேடி: அதே புளூட்டார்க், ரோமின் பழைய அரசன் நூமாவின் வரலாற்றில், இப்போது உயிர்ப்பலி கொடுக்கிறார்கள், முற்காலத்தில்தான் இல்லை என்கிறார். பாதியைக் காட்டிப் பாதியை மறைப்பது உங்களுக்குப் புதிதல்ல. வெஸ்டா கன்னியர் விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

வரப்போரம்: முற்காலத்தில் இல்லை! என் வாதத்தை நீங்களே எழுதித் தந்துவிட்டீர்கள், நன்றி.

ஏடுதேடி: "ஒருபோதும்" என்று எழுதியது யார்?

ஏழுகுன்று: 2021-இல் ரோமில் பேரரசர் கிளாடியஸ் காலத்து எல்லைக்கல் ஒன்று கிடைத்ததே, அதற்கும் இப்படித்தான் பலியிட்டார்களா?

ஏடுதேடி: அது பொமேரியம் கல். கி.பி. 49-இல் நகரின் புனித எல்லையை விரித்தபோது நட்டது. வயல் எல்லையை இதில் கொண்டுவந்து குழப்பாதீர்கள்.

ஏழுகுன்று: குழப்பவில்லை, கேட்டேன். அவென்டைன் குன்று அதுவரை அந்த எல்லைக்கு வெளியே கிடந்தது என்பது எனக்கும் தெரியும். பாடம் நடத்த வேண்டாம்.

வரப்போரம்: யார் என்ன கேட்டாலும் இவர் வாத்தியாராகிவிடுவார்.

ஏடுதேடி: கவிஞர் வேண்டாம் என்றால் நில அளவை எழுத்தாளர் சிகுலுஸ் ஃபிளாக்கஸைப் படியுங்கள். குழி தோண்டி, பலியின் இரத்தத்தை அதில் சொட்டவிட்டு, சாம்பிராணி, தானியம், தேனடை, மது எல்லாம் இட்டு எரித்து, அந்தச் சூட்டுச் சாம்பல்மேல் கல்லை நட்டார்கள். சடங்கை இவ்வளவு விவரமாகச் சொன்னவர் வேறு யார்? இரத்தம் இங்கேயும் இருக்கிறது.

வரப்போரம்: குழியில் இருக்கிறது. கல்லில் இல்லை. டயோனிசியஸ் சொன்னது கல்லைப் பற்றி. மேலும், எல்லாக் கல்லின் அடியிலும் இவை கிடைக்காது, அது அவரவர் விருப்பம் என்று உங்கள் ஃபிளாக்கஸே எழுதுகிறார். அந்தப் பாதியை யார் மறைத்தார்கள்?

ஏழுகுன்று: குழிக்கும் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளி. இதற்கா இத்தனை சண்டை?

ஏடுதேடி: ஓவிட் கல்மீது என்கிறார். கல்மீது. பதில் சொல்லுங்கள்.

வரப்போரம்: சொல்லியாயிற்று. ஓவிட் கவிஞர்.