ஹைட், கன்சீல்: எங்கே எது?

கேள்வி:
அகராதியில் ஹைட், கன்சீல் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குமே 'மறை' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் 'ஹீ ஹிட் பிஹைண்ட் த டோர்' சரியாம், 'ஹீ கன்சீல்டு பிஹைண்ட் த டோர்' தவறாம். ஏன்?

மறுமொழி 1:
தமிழை வைத்தே பிடித்துவிடலாம். தானே போய்ப் பதுங்கினால் ஒளிந்தான். ஒரு பொருளைப் பதுக்கினால் ஒளித்தான். ஹைட் இந்த இரண்டு வேலையையும் செய்யும். கன்சீல் 'ஒளித்தான்' மட்டுமே. எதை ஒளித்தான் என்பது வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் வாக்கியத்தில் அந்த 'எதை' இல்லை. 'ஹீ கன்சீல்டு ஹிம்செல்ஃப் பிஹைண்ட் த டோர்' என்றால் சரியாகிவிடும். 'த கீ வாஸ் கன்சீல்டு' என்பதும் சரிதான். மறைக்கப்பட்ட பொருளே அங்கே எழுவாயாக முன்னால் வந்துவிட்டது.

நம்மவர்கள் வழுக்கும் இன்னோர் இடம்: 'என்னிடம் மறைத்தான்' என்ற நினைப்பில் 'டு மீ' என்று எழுதுவது. இங்கே 'ஃப்ரம் மீ' மட்டுமே வரும்: 'ஹீ கன்சீல்டு த ட்ரூத் ஃப்ரம் மீ'.

மறுமொழி 2:
தொனியும் வேறு. குழந்தை பொம்மையை ஒளித்துவைத்தால் ஹைட்தான். அங்கே கன்சீல் போட்டால் காவல்துறை அறிக்கை வாசிப்பது போல இருக்கும். சட்டம், காப்பீடு, செய்தி இவற்றில்தான் அதற்கு அதிக வேலை.

கன்சீலில் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது என்ற குறிப்பு உண்டு. ஹிடனுக்கு அது தேவையில்லை. அதனால்தான் வெளிப்படாத திறமையை 'ஹிடன் டேலன்ட்' என்கிறோம். சுவருக்குள் ஒயரைப் பதித்தால் 'கன்சீல்டு வயரிங்'. முகப்பூச்சில் வரும் கன்சீலரும் இதே சொல்தான். அது கரும்புள்ளியைப் போக்காது, மேலே மூடும், அவ்வளவே.

டிஸ்கைஸை இதோடு குழப்ப வேண்டாம். அது மாறுவேடம்: ஆள் கண்ணெதிரே நிற்பார், இன்னாரென்று தெரியாது. கேமஃப்ளாஜ் உருமறைப்பு, சுற்றுப்புறத்தோடு கலந்துவிடுவது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது.

கேட்டவர்:
'சீல்' வைத்து மூடுவதிலிருந்து வந்ததுதானா கன்சீல்?

மறுமொழி 1:
இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. மறைத்தல் என்று பொருள்படும் 'கேலாரே' என்ற லத்தீன் வினைதான் இதன் வேர். முத்திரை குறிக்கும் சீல், 'சிகில்லும்' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சீலை மனதில் வைத்து எழுதினால் 'சி' வர வேண்டிய இடத்தில் 'எஸ்' விழும். சரியான எழுத்துகள்: சி, ஓ, என், சி, இ, ஏ, எல். சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், 'சீ' நெடிலாக. முதல் அசையில் அழுத்திப் பின்னதைக் குறுக்கினால் கேட்பவர் 'கேன்சல்' என்றோ 'கவுன்சில்' என்றோ எடுத்துக்கொள்வார்.