ஃபெஸ் பழைய நகரம்: எந்த வேலைக்கு எந்த நேரம்? (அனுபவப் பகிர்வு)

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. எதை எந்த நேரத்தில் பார்ப்பது, எங்கே சொதப்பும் என்பதைத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். நடையிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஃபெஸ் அல்-பாலி என்ற பழைய நகரம் ஒரு சட்டி மாதிரி. விளிம்பில் வாசல்கள், அடியில் ஆறு. வழி தப்பினால் போனை உள்ளே வைத்துவிட்டு காலை நம்புங்கள். இறங்கிக்கொண்டே போனால் கரவிய்யீன் பள்ளிவாசல் பக்கம் வந்துவிடும், அங்கிருந்து மேற்கே ஏறினால் பூ ஜிலூத் வாசல். இரண்டு பக்கமும் உயரமான சுவர், நடுவில் இரண்டு பேர் ஒதுங்கினால் மூன்றாமவர் போக முடியாத சந்து. ஜிபிஎஸ் புள்ளி அடுத்த சந்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

பூ ஜிலூத் வாசல் 1913-இல் எழுப்பியது, ஊரின் வயதுக்கு நேற்றுப் பிறந்த பிள்ளை. வெளிமுகம் நீலம், உள்முகம் பச்சை. உள்ளே போனதும் இடப்பக்கம் திரும்பினால் தலா கபீரா, வலப்பக்கம் தலா ஸ்கீரா. இரண்டுமே கீழே இறங்கும் தெருக்கள். திரும்ப அதே ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறத் தேவையில்லை. கீழேயுள்ள ரசீஃப் சதுக்கம் வரை கார் வரும், அங்கே சிவப்பு நிறச் சின்ன டாக்ஸி பிடிக்கலாம். மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். நான்கு பேர் குடும்பம் என்றால் இரண்டு வண்டி. ஏறும் முன்பே மீட்டர் போடச் சொல்லுங்கள். இரவில் மீட்டர் காட்டுவதற்கு மேல் பாதி கூடுதல், அது ஏமாற்று இல்லை, விதி.

பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பொதி ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது என்று அர்த்தம். பக்கத்தில் வாசற்படி இருந்தால் அதில் ஏறி நில்லுங்கள். ஜோடியாக நடப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவதுதான் வழக்கமான தப்பு. பொதி இரண்டு பக்கமும் புடைத்திருக்கும், நடுவில் விட்ட இடம் அதற்குப் போதாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்க வேண்டும்.

"இந்த வழி அடைச்சிருக்கு, அந்தப் பக்கம் வாங்க" என்று பையன்கள் சொன்னால் பெரும்பாலும் வழி திறந்தேதான் இருக்கும். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று விளக்கம் கேட்டால் போச்சு.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பாதிக்கு மேற்பட்ட கடைகள் சாத்தியிருக்கும். கடைவீதிக்கு அது ஆகாத நாள். கூட்டமில்லாமல் சந்துகளைப் படமெடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

* * *

ஷுவாரா என்ற இடத்துத் தோல் பதனிடும் தொட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். எல்லாரும் போகும் இடம், ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரியாமலே திரும்பி வரும் இடமும் அதுதான்.

தொட்டிகளைச் சுற்றியுள்ள தோல்கடைகளின் மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க முடியும். டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு கொத்துப் புதினா கையில் கொடுத்து மேலே அனுப்புவார்கள், இறங்கும்போது கடை வழியாகத்தான் இறங்க வேண்டும். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் மேலே கூட்டிப்போனவருக்கு 10, 20 திர்ஹம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

கண்ணில் முதலில் படுவது வண்ணக் குழிகள். வேலை தொடங்குவது வெள்ளைக் குழிகளில். சுண்ணாம்பும் புறா எச்சமும் தண்ணீரும் கலந்த கரைசல் அது. இரண்டு மூன்று நாள் ஊறினால் மயிர்க்கால் தளர்ந்து சுரண்டும்போது முடி வந்துவிடும். புறா எச்சத்திலுள்ள அம்மோனியா தோலை இளக்கிக் கொடுக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை அதனால்தான், சாயத்தால் இல்லை. அதற்கப்புறம் அலசி, குழிக்குள் இறங்கி வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சாயக்குழி கடைசியில்.

கசகசாச் செடிப்பூவில் சிவப்பு, அவுரியில் நீலம், மருதாணியில் ஆரஞ்சு, குங்குமப்பூவில் மஞ்சள் என்று கடைக்காரர் வரிசையாகச் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். இன்றைக்கு வேதிச் சாயமும் தாராளமாகப் புழங்குகிறது, இயற்கைச் சாயம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால் அது உங்கள் சட்டையிலும் ஏறும்.

காலையில் போங்கள். வெயில் ஏற ஏற வாடை ஏறும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே 40 டிகிரி தொடுவது புதிதில்லை.

தோல் திண்டு வாங்குகிறவர்களுக்கு: உள்ளே ஒன்றும் அடைக்காமல் தட்டையாக மடித்துத்தான் தருவார்கள். ஊருக்கு வந்து பழைய துணியை அடைத்துக்கொள்ளலாம். மலிவுத் தோலில் வாடை மாதக்கணக்கில் போகாது, ஆகவே தையல் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வாங்கி வந்தபின் வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில் காற்றாட விடுங்கள்.

* * *

மேலே எழுதியவர் சொன்ன குங்குமப்பூ மஞ்சள் பற்றி ஒரு வரி: மஞ்சள் தோலை முக்கி எடுப்பதைவிடக் கையால் தடவி ஏற்றுவதுதான் வழக்கம். மாடியில் நிற்பவர்கள் மஞ்சள் குழியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம்.

* * *

ஹம்மாம் என்ற நீராவிக் குளியல் பற்றிப் பெண்கள் யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

சொகுசு விடுதி ஹம்மாம் வேறு, தெரு ஹம்மாம் வேறு. தெரு ஹம்மாமில் நுழைவு 20 திர்ஹம் அளவில் முடிந்துவிடும், தேய்த்துவிடுபவருக்குத் தனி. பல இடங்களில் பகல் பெண்களுக்கு, மாலையும் அதிகாலையும் ஆண்களுக்கு. தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு போங்கள், வாசலில் பலகை இருக்காது, இருந்தாலும் அரபியில் இருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: ரப்பர் செருப்பு, துண்டு, மாற்று உள்ளாடை, உட்கார ஒரு சின்னப் பாய், கருப்புச் சோப்பு, கெஸ்ஸா என்னும் சொரசொர கையுறை. கடைசி இரண்டும் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். கருப்புச் சோப்பு ஆலிவில் செய்த பசை, பார்க்க கிரீஸ் மாதிரி இருக்கும். நம்மூர்ப் பெண்களுக்கு வரும் முதல் சந்தேகம் உடை: கீழுள்ளாடையோடு இருப்பதுதான் அங்கே வழக்கம், மேலுடை அவரவர் விருப்பம். ஆண்கள் அரைக்கால் உடையைக் கழற்றக் கூடாது.

உள்ளே மூன்று அறை. வெதுவெதுப்பு, சூடு, கொதிப்பு. நேரே கொதிப்பறைக்குப் போனால் தலை சுற்றும். நடு அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து உடம்பு வேர்த்தபின் சோப்பைத் தடவுங்கள். ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, முழுக்கக் கழுவியபின் கையுறையால் தேய்க்க வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் கையுறை வழுக்கும், அழுக்கு வராது. சரியாக ஊறியிருந்தால் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருளும். பார்த்து வெட்கப்படாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு வாக்சிங் செய்தவர்களும் வெயிலில் தோல் சிவந்தவர்களும் தயவுசெய்து மறுநாள் போங்கள். எரிச்சல் இரவெல்லாம் தூங்கவிடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. தலைக்கு கஸ்ஸூல் என்ற களிமண்ணைக் குழைத்துப் போடலாம். அதைக் காயவிட்டால் முடியில் பிடித்துக்கொண்டு வராது, ஈரம் இருக்கும்போதே அலசுங்கள்.

* * *

ஐன் நொக்பி மண்பாண்டப் பகுதி பழைய நகரச் சுவருக்கு வெளியே இருக்கிறது, டாக்ஸி வேண்டும். சுவரிலும் தரையிலும் வண்ண ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பதிக்கும் ஸெல்லீஜ் வேலையை அருகிலிருந்து பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

உள்ளங்கை அளவு சதுர ஓட்டின் மேல் வடிவத்தைக் கோடிட்டு வைத்திருப்பார்கள். கொத்துபவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், முன்னால் ஒரு பட்டறைக்கல். கையிலுள்ள சுத்தியல் கனமானது, இரண்டு முனையும் உளி மாதிரி கூராக இருக்கும். அதன் கனத்தாலேயே வெட்டுகிறார், ஓங்கி அடிப்பதில்லை. ஓட்டின் பளபளப்பு முகம் மேலே இருக்க, சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி ஓரத்தைச் செதுக்கியபின், அடிப்பக்கத்தைச் சாய்வாகக் கழித்துவிடுவார். அந்தச் சாய்வு இருந்தால்தான் பக்கத்துத் துண்டோடு முகம் இடைவெளியின்றிச் சேரும். அப்புறம் எல்லாத் துண்டையும் குப்புற அடுக்குவார்கள். வண்ணம் தெரியாது, முதுகு மட்டும் தெரியும். வடிவம் முழுக்க மனக்கணக்கில்தான். மேலே சாந்து ஊற்றி இறுகியபின் திருப்பினால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். ஒரு துண்டு தப்பாக விழுந்தால் அப்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து பயனுமில்லை.

தஜீன் என்ற கூம்பு மூடிச் சமையல் சட்டி வாங்குவதாக இருந்தால் ஓவியம் போட்டு மெருகேற்றியதை அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறை மெருகில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, புளிப்புச் சேர்ந்தால் அது கசியும். சமைக்க மெருகில்லாத மண்சட்டி போதும். இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி, சிறுதீயில் பழக்க வேண்டும். நேரே பெருந்தீயில் ஏற்றினால் முதல் நாளே விரிசல்.

செஃப்பாரீன் சதுக்கத்துச் செம்புக் கடைகளுக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. சமைக்கும் பாத்திரமென்றால் உட்புறம் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுப் பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதுபோலத்தான்.

* * *

சைவக்காரர்கள் என்ன சாப்பிடுவது என்று எப்போதும் கேட்கிறார்கள். காலையில் பிஸாரா. உலர்ந்த மொச்சையினப் பயறை மசித்த கெட்டிச் சூப், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும். காலையிலேயே தீர்ந்துவிடும், மதியம் போய்க் கேட்காதீர்கள். ஹரீரா என்ற தக்காளி, பருப்புச் சூப்பை சைவம் என்று நம்பிவிட வேண்டாம், பெரும்பாலும் இறைச்சி சேரும். "காய்கறி குஸ்குஸ்" என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றின் ஆவியில் வெந்ததாக இருக்கலாம். "ப்லா லஹம்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதைச் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு, எனவே சாறு பற்றியும் கேளுங்கள். அசைவக்காரர்கள் மெல்லிய மாவேட்டில் பொதிந்து சுட்ட பஸ்தீயாவை விடக் கூடாது. புறா அல்லது கோழி, பாதாம், முட்டை, மேலே பட்டைப்பொடியும் சர்க்கரையும்.

புதினா டீ சமையல் வகுப்புகளில் தப்பாமல் சொல்லித்தருவார்கள். அரை லிட்டர் பானைக்கு ஒரு மேசைக்கரண்டி உருண்டைப் பச்சைத்தேயிலை. முதலில் ஊற்றும் கொஞ்சம் கொதிநீரை வடித்துத் தனியே எடுத்துவைப்பார்கள், மணம் அதில்தான். இரண்டாவது நீரைச் சுழற்றிக் கீழே ஊற்றுவார்கள், கசப்பு அதோடு போகும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு "கசக்குதே" என்பவர்கள் ஏராளம். எடுத்துவைத்ததைத் திரும்பச் சேர்த்து, நீர், சர்க்கரை, ஒரு கை புதினா. இலை முழுக்க மூழ்க வேண்டும், மிதந்தால் கறுத்துவிடும். கிளறுவதற்குக் கரண்டி கிடையாது. ஒரு டம்ளர் ஊற்றி மறுபடி பானையிலேயே கவிழ்த்தால் கலந்துவிடும்.

* * *

மதரஸாக்களில் பூ இனானியாவும் அத்தாரீனும் எல்லாருக்கும் திறந்திருக்கும், கட்டணம் 20 திர்ஹம் அளவு. கரவிய்யீனுக்குள்ளும் பழைய மன்னர் இரண்டாம் மௌலாய் இத்ரீஸின் அடக்கத்தலத்துக்குள்ளும் முஸ்லிம்களுக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் திறந்த கதவு வழியே முற்றத்தைப் பார்க்கலாம், தொழுகை நேரத்தில் வாசலை மறைத்துக்கொண்டு கேமராவோடு நிற்காமலிருந்தால் போதும்.

பூ இனானியா 1350-களில் மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ இனான் கட்டியது. மதுரை சுல்தானகத்தை நேரில் பார்த்த மொராக்கோப் பயணி இப்னு பதூதாவை, ஊர் திரும்பியபின் பயணங்களைச் சொல்லச் சொல்லி எழுதவைத்தவரும் அதே அபூ இனான்தான். 14-ஆம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நாம் படிக்கும் அந்தப் பகுதி எழுத்தில் ஏறியது இந்தச் சுல்தானின் ஆணையால். மதரஸாவுக்கு எதிரே தெருச்சுவரில் மரத்தாங்கிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர்க் கடிகாரத்தின் மிச்சம். தலையைத் தூக்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம்.

* * *

ரமலானில் போகிறவர்களுக்கு ஒன்று. மொராக்கோ மற்ற மாதங்களில் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும், ரமலானில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். மாறும் நாளில் ரயிலோ விமானமோ இருந்தால் போன் காட்டும் நேரத்தை விடுதிக் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

மரீனியக் கல்லறை மேட்டுக்கு மாலையில் போனால் ஊர் முழுக்கக் காலடியில் தெரியும், மக்ரிப் பாங்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மினாராவிலிருந்தும் எழும். இருட்டினால் மேட்டில் விளக்கும் இருக்காது, வண்டியும் வராது. போன டாக்ஸியையே காத்திருக்கச் சொல்லி, திரும்பி வந்தபின் பணம் கொடுங்கள்.